கொக்கோத் தோலின் கரி

ரவீந்திரனை எனக்குத் தெரியாது என்று சொன்னவள் நான். அவரைப் பிடித்துப் போகக் காரணமான பையும் என்னுடையதுதான். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

யுத்தத்தின் கடைசி ஆண்டுகள். மாத்தளையில் ஒரு பாடசாலையில் நான் இரசாயனம் கற்பித்தேன். ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த ரவீந்திரன் பௌதிகம். பக்கத்து ஊரான பல்லேபொலவில் அழுகிக் கிடந்த கொக்கோக் காய்த் தோல்களை அள்ளிவந்து உலர்த்தினோம். காற்றுப் புகாத தகரப் பெட்டியில் இட்டுக் கரியாக்கினோம். அதைக் கழுவிப் பொடியாக்குவது அவர் வேலை. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் பட்டரிக்கு அந்தக் கரியில் மின்வாய் செய்யலாம் என்பது எங்கள் நம்பிக்கை. எவ்வளவு சந்தோஷமான மாலைகள் அவை!

கண்டியில் ஆய்வுகூடமொன்றில் பணியாற்றிய என் நண்பி, எங்கள் கரியைக்கொண்டு சிறு பட்டரிகள் செய்து சோதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் பஸ்ஸில் கொண்டுபோனோம். வழியில் சோதனைச் சாவடி. ஆசனத்துக்குக் கீழே என் பை. அதனுள் கரித்தூள், வயர்கள், பழைய பட்டரிகள்; பார்ப்பவனுக்கு வெடிகுண்டுச் சாமான்.

யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய்.

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ரவீந்திரன் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, தன்னுடையது என்றார்.

இவரைத் தெரியுமா என்று என்னிடம் கேட்டான்.

தெரியாது என்றேன். பிசிறில்லாத சிங்களத்தில்!

அவரை இறக்கினார்கள். பஸ் புறப்பட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை... பயம் மட்டும்தானா? ஒரு நிம்மதியும் இருந்ததே!

பாடசாலையில், அந்த பஸ்ஸில் நான் போகவேயில்லை என்றேன்.

சில நாட்களில் நண்பி அழைத்தாள். பட்டரி சார்ஜ் பிடிக்கிறது, இறங்கினாலும் மறுபடி பிடிக்கிறது, இன்னும் கரி அனுப்பு என்றாள். அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்றேன்.

மாதங்கள் கழித்து விடுதலையாகி வந்த ரவீந்திரன், பாடசாலை ஆய்வுகூட வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். இடது கையை உயர்த்த முடியவில்லை. பஸ்ஸில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"நம்ம கரி என்னாச்சுங்க டீச்சர்? சார்ஜ் புடிச்சுச்சா?"

பிடித்தது என்றால் மறுபடி தொடங்குவார். மறுபடி பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்வார்...

"இல்ல சேர். சரிவரேல்ல."

மெல்லத் தலையசைத்தார். "நான்தான் கரிய சரியா கழுவாம விட்டுட்டேன் போல. மன்னிச்சுக்கங்க டீச்சர்."

இருக்கலாம் என்றேன்.

இன்றும் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.