குடத்தில் என் பெயர்

எங்கள் தீயணைப்பு நிலையத்தின் சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. என்றைக்கு யார் தேநீர் போடுவது, யார் கோப்பை கழுவுவது என்று அதில் எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கழுவுகிற பக்கத்தில் நிலைய அதிகாரியின் பெயரைப் பார்த்தேன். யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்று அதை அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பொன்னேரி தாலுகா அலுவலக வராந்தாக்களில் நின்று நின்று வளர்ந்த விசுவாசம், அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? ஹெலன் என்ற அந்த அதிகாரி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். பலகையைப் பார்த்தார். "என் முறையை யார் எடுத்துக்கொண்டது?" என்று கேட்டார். குரலில் உண்மையான கோபம். எச்சில் கோப்பைக்காக ஒரு மேலதிகாரி சண்டைக்கு வருவதை அன்றுதான் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்புக் கேட்பதில் மட்டும் எனக்கு எந்த நாட்டிலும் மொழிச் சிக்கல் வந்ததில்லை.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கடல் வருடம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடக்கும் சின்ன ஊர் இது. கணினி படிக்கப் போகிறேன் என்று இருபது வருடம் முன்பு வந்தவன், இப்போது தீயணைப்பு வீரர்களுக்குப் பூட்ஸும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் சாமான் அறையில் இருக்கிறேன். நெருப்புக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் நான்கு அலமாரிகள் உண்டு. ஆனாலும் நிலையத்தின் சமத்துவ, பன்முகத்தன்மைக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். தகுதி கண்ணாடியிலேயே தெரிந்தது. கட்டிடத்தில் இருந்த மாநிறக்காரர்கள் இரண்டே பேர். மற்றவன் எபினேசர். எல்லாருக்கும் எபி. மனைவி இங்கே செவிலியர். அவளோடு வந்து, ஓடி, ஏணி ஏறி, தேர்வெழுதித் தீயணைப்பு வீரன் ஆனவன். முப்பது வயதுகூட இருக்காது. அவனுக்கு முதல் பூட்ஸை எடுத்துக் கொடுத்தபோது, "எந்த ஊருப்பா?" என்றேன். "சுண்ணாம்புக்குளம் பக்கம்ணா" என்றான். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து எங்கள் பழவேற்காட்டு ஏரியிலேயே கால் நனைத்தவனைப் பார்த்த சந்தோஷத்தில், ஒரு அளவு பெரிய பூட்ஸைக் கொடுத்துவிட்டேன். ஏரியின் எந்தப் பக்கம் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்காமலே தெரிந்துவிடும் விஷயங்களில் அதுவும் ஒன்று.

போன மாதம் ஹெலன் வந்தார். உங்கள் கலாச்சாரத்திலிருந்து சமத்துவத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள், எல்லாரும் கேட்கட்டும் என்றார். எனக்குத் தயாராக ஒன்று இருந்தது. பயிற்சி அறையில் பன்னிரண்டு பேர் முன்னால் நின்று பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையைச் சொன்னேன். ஏரியில் சில இடங்களில் இறால் அதிகம் படும், சில இடங்களில் சும்மா சேறுதான். நல்ல இடத்தைப் பலசாலி பிடித்துக்கொள்ளக் கூடாது. அதனால் தலைக்கட்டு என்கிற குடும்பத் தலைவர் ஒவ்வொருவரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயருக்கு எந்த இடம், எந்த நாள் என்று வருகிறதோ, அவர் அன்றைக்கு அங்கே சுத்து வலை போடுவார். மறுநாள் அடுத்தவர். ஊர்ப் பெரியதனக்காரர் மகனானாலும் முறைக்குக் காத்திருக்க வேண்டும். உங்கள் வெள்ளைப் பலகையைப் போலத்தான் என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஹெலன் குறிப்பேட்டோடு கேட்டார்: "யார் வேண்டுமானாலும் பெயர் போடலாமா?"

"ஊரில் எல்லாரும்" என்றேன்.

அவர் 'எல்லாரும்' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. 'எல்லாருக்கும் ஒரு முறை' என்று ஒரு சுவரொட்டி. அதில் ஒரே ஏரியிலிருந்து வந்த நாங்கள் இருவரும் தோளோடு தோள் நிற்கும் படம். மாவட்டத்தின் எல்லா நிலையங்களிலும் மாட்டலாம். எல்லாரும் எபியைப் பார்த்தார்கள். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் கோப்பை கழுவும் முறை எபியுடையது. என் கோப்பையை எடுத்துக்கொண்டு போனேன். அவன் திரும்பாமலே பேசினான்.

"எல்லாரும்னு சொல்லிட்டீங்களேணா. எங்க நைனா பேரு எந்தக் கொடத்துல இருந்துச்சி?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"படத்துக்கு நிப்பியா எபி?"

"நிக்க மாட்டேன்னா இன்னா சொல்லுவாங்க? பிரச்சின புடிச்சவன்னு எழுதுவாங்க. இன்னும் நாலு மாசம் ப்ரொபேஷன் கீதுணா. நீங்க நில்லுன்னா நிப்பேன்." கோப்பையை என்னிடம் நீட்டினான். "ஆனா நீங்களே சொல்லணும்."

எங்கள் குப்பத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். என் தம்பி இன்னும் அங்கேதான் குடியிருக்கிறான். அந்த நாளைச் சொல்கிறேன். நான் பொன்னேரியில் கல்லூரி இரண்டாம் வருடம். காலனியைச் சேர்ந்த ஒருத்தர் பாடு முறையில் எங்களுக்கு வந்த இடத்தில் வலை போட்டுவிட்டார் என்று பிடித்துவந்தார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் கையால் தடவித்தான் இறால் பிடிக்க வேண்டும். மார்பளவு தண்ணீரில் நடந்து, பிடித்ததைப் போட ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு. வலை எங்களுக்கு மட்டும். அது சட்டத்தில் இல்லை, ஊரில் இருந்தது. வலையைக் கரையில் குவித்தார்கள். கொளுத்திவிடு என்று ஊர் முடிவு செய்தது. பார்த்தால் எவனிடமும் தீப்பெட்டி இல்லை. எல்லாரும் தண்ணீரிலிருந்து வந்தவர்கள், இருந்த ஒன்றிரண்டும் நனைந்திருந்தன. கொஞ்ச நேரம் ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. காய்ந்த தீப்பெட்டி என் சட்டைப் பையில் இருந்தது, ஏனென்றால் கல்லூரிக்குப் போய் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் சிகரெட். எடுத்துக் கொடுத்தேன். நைலான் உருகி எரியும் நாற்றம் ஒரு தினுசானது, கண்ணைக் கரிக்கும். அன்று சாயங்காலம் என் நைனா என்னைச் செருப்பால் அடித்தார். சிகரெட்டுக்காக. வலையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மறுநாள் ஹெலனின் அறைக்குப் போனேன். பாடு முறையில் எபியின் பக்கத்து ஆட்களுக்கு இடம் கிடையாது, பிறப்பைப் பார்த்து ஒதுக்குவோம், நான் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவு. ஒவ்வொரு கலாச்சாரத்துக்கும் அதன் வழக்கங்கள் உண்டு, நாங்கள் அதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, பன்முகத்தன்மை என்றால் அதுதானே என்றார். என் தட்டில் மாட்டிறைச்சி வைத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பவரைப் போல இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர்கூட இத்தனை அழகாக எங்கள் பக்கம் பேசியதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஒரு வலையை எரித்தோம்" என்றேன்.

ஹெலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கனிவு போய்விட்டது. இப்போது எனக்கு எதிரே இருந்தது தீ விபத்துகளை விசாரிக்கிறவர். எந்த நேரம்? காற்று எப்படி? என்ன பொருள்? பக்கத்தில் குடிசைகள் இருந்தனவா? பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"யார் பற்றவைத்தது?"

"ஊர்."

"ஊர் என்றால் யார்?"

"ஊர் முடிவு அது. எல்லாரும் சேர்ந்து..."

"இத்தனை வருடத்தில் எந்தத் தீயையும் ஒரு ஊர் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. தீக்குச்சி ஒரு கையில்தான் இருக்கும். யார் கையில்?"

"உரசினது இன்னொருவர். தீப்பெட்டி என்னுடையது."

அவர் பேனாவை மூடினார். "எபிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் இதை ஏன் முதலில் என்னிடம் சொல்கிறீர்கள்?"

பூட்ஸ் அளவு தவறாகக் கொடுத்தபோதெல்லாம் அந்த அறையில் ஏதாவது ஒரு நகைச்சுவை சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்றைக்கு எழுந்து எபியைத் தேடிப் போனேன்.

பின்பக்க முற்றத்தில் எபி தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். அவன் கை நிற்கவில்லை, சுருட்டி முடித்தான்.

"எங்க நைனா இந்தக் கதய நெறைய வாட்டி சொல்லிக்கிறாருணா. எவங்கிட்டயும் தீப்பெட்டி இல்ல, அப்பாடா நம்ம வல பொழச்சிச்சின்னு நெனச்சாராம். அப்பதான் கண்ணாடி போட்ட காலேஜ் பையன் ஒருத்தன் பாக்கெட்டுல கைய வுட்டானாம்." என் கண்ணாடியைப் பார்த்தான். "அப்புறம் அவரு வலயே போடல. பறிய கடிச்சிக் கடிச்சி முன்பல்லு போச்சி. பொக்கைன்னுதான் ஊர்ல கூப்புடுவாங்க. எங்கம்மாகூட."

"படம் கிடையாது எபி. ஹெலனிடம் சொல்லிவிட்டேன்."

"வெள்ளக்காரிகிட்ட சொல்லிட்டீங்க, எங்கிட்டயும் சொல்லிட்டீங்க. இங்க சொல்றது ஈஸிணா. ஊர்ல சொல்லுவீங்களா?"

மதியம் தம்பி செல்வத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அடுத்த ஞாயிறு ஊரில் குலுக்கல். இருபது வருடமாக நான் ஏரியில் கால் நனைத்ததில்லை. ஆனாலும் தலைக்கட்டு என்ற முறையில் என் சீட்டு வருடா வருடம் குடத்தில் விழுகிறது, தம்பி எனக்காக வலை போடுகிறான்.

"என் சீட்டை எடுத்துடு செல்வம். அதுல, அன்னிக்கி நாம வலயக் கொளுத்துனமே, அந்த எபினேசரோட நைனா பேரப் போடு."

"இன்னாணா, குளுரு தலைக்கேறிடுச்சா? ஒம்பேர எடுன்னா எடுக்கறேன். அவங்க பேரு எப்டி வரும்? ஊரு ஒத்துக்கணும்ல?"

"ஊருன்னா யாருடா?"

"இன்னாணா கேள்வி இது. நீ, நானு, எல்லாருந்தான்."

நடந்ததை ஒரு தாளில் எழுதி, தீப்பெட்டி யாருடையது என்பதையும் சேர்த்து, படம் எடுத்து அனுப்பினேன். குலுக்கலுக்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் படிக்கச் சொன்னேன். "படிச்சிட்டு நான் இங்க குடியிருக்க வாணாமா?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தைரியத்தை நான் இங்கிருந்து அனுப்புகிறேன், அடி அவனுக்குத்தான் விழும். அடுத்த வருடம் நானே வந்து படிக்கிறேன் என்றேன். சொல்லும்போதே பயணச்சீட்டு எடுக்காமலிருக்க எனக்குக் கிடைக்கப்போகும் காரணங்கள் வரிசையில் வந்து நின்றன.

ஞாயிறு நான் வேலையில் இருந்தேன். செல்வம் ஒரு படம் அனுப்பியிருந்தான். பித்தளைக் குடம், அதன் வாயில் ஒரு கை, விரல் நடுவே மடித்த சீட்டு. கீழே கிடைத்த இடத்தின் பெயர், பிறகு ஒரு வரி: 'முதல் சீட்டே ஒம்பேருணா.' தாளைப் பற்றி ஒன்றுமில்லை. வெள்ளைப் பலகையில் அன்றைக்குக் கழுவும் பக்கத்தில் எபியின் பெயரும் என் பெயரும் இருந்தன, ஹெலனின் கையெழுத்தில். எபி முன்பே வந்து குழாயைத் திறந்துவிட்டிருந்தான். படத்தைக் காட்டினேன்.

"எந்த எடம் வந்துச்சிணா?"

"முகத்துவாரம் பக்கம்."

"நல்ல எடம்" என்றான். "எறா நல்லா படும். நைனா சொல்லுவாரு." ஒரு கோப்பையைக் கழுவி நீட்டினான். வாங்கித் துடைத்தேன். அடுத்ததை நீட்டினான்.