நாகலக்ஷ்மி மாமியின் பச்சைத் திரை

மின்விசிறிக் காற்றில் பில்கள் பறக்காமலிருக்க நாகலக்ஷ்மி மாமி மவுஸை எடுத்து அவற்றின் மேல் வைக்கிறாள். அந்த மேசையில் மவுஸுக்கு வேறு வேலை கிடையாது. மாமிக்கு எல்லாமே கீபோர்டுதான். அதுவும் சாதாரண கீபோர்டு அல்ல, எஃப் விசைகள் மட்டுமே இரண்டு வரிசை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும். நாம் மருந்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது எந்தக் கிடங்கில் எந்த அடுக்கில் இருக்கிறதென்று சொல்லிவிட்டு, ஒரு மிடறு காப்பி குடிப்பாள்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் மருந்து மொத்த வியாபார அலுவலகம் இது. நான் பில்லிங் பிரிவு. வலியசாலையில் எங்கள் இருவருக்கும் ஒரே தெரு என்பதால் காலையில் சேர்ந்தே நடந்து வருவோம். வழியெல்லாம் மெஷின் புராணம்தான். அலுவலகக் கணக்கு முழுவதும் ஓடும் பெரிய கம்ப்யூட்டரை மாமி அப்படித்தான் சொல்வாள். யாராவது அதைப் பழசு என்றுவிட்டால் போச்சு.

"பழசா? பெட்டியை எத்தனை தரம் மாத்தியாச்சு தெரியுமோ? இப்ப இருக்கறது நேத்திக்கு வந்ததாக்கும். தொண்ணூத்தஞ்சுல நான் எழுதின ப்ரோக்ராம் அதுலயும் அசங்காம ஓடறது. பேருதான் தேஞ்சுண்டே வரது. வந்தப்போ ஏ.எஸ். ஃபோர் ஹண்ட்ரட், அப்பறம் ஐ-சீரிஸ், இப்போ வெறும் ஐ."

சொல்வது நிஜம்தான். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குப் பெட்டியா தெரிகிறது? பச்சைதான் தெரிகிறது. இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்த ஆர்யா, நெடுமங்காட்டுப் பெண், அதே மெஷினுக்குப் படமும் பொத்தானுமாக ஒரு புதுத் திரை செய்து வைத்தாள். மாமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறதென்று என்னிடம் மட்டும் முணுமுணுத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி சுப்பு அண்ணாச்சிக்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு புதுக் கூட்டாளி வாய்த்தார். இந்த மெஷினைத் தூக்கிவிட்டு வேறு வாங்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட முதல் நிபந்தனை. மெஷின் போனால் மாமியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்ணாச்சி கெஞ்சிக் கூத்தாடி, ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அவரைச் சம்மதிக்க வைத்தார். நாள் குறித்ததில் கோட்டை விட்டார். திருநெல்வேலிக்காரர் அல்லவா, ஆயுத பூஜை நவமி சாயங்காலம்தானே என்று நவமி காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்.

திருவனந்தபுரத்தில் புத்தகம், தொழில் கருவி எல்லாவற்றையும் அஷ்டமி சாயங்காலமே பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. மாமியின் கீபோர்டு முதல் நாளே பட்டுத்துணியில் சுற்றி வீட்டுக்குப் போய், சந்தனப் பொட்டோடு கொலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

நவமியன்று மாமி வெறுங்கையோடு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. வேறு கீபோர்டு தருகிறோம் என்றோம். எதில் எழுதினாலும் எழுதுவது எழுதுவதுதானே என்றாள். ஆர்யாவோ லீவு, அவள் வீட்டிலும் லேப்டாப் பூஜையில். போனில் பிடித்தோம். எதற்கு டைப் செய்ய வேண்டும், புதுத் திரையில் எல்லாவற்றையும் கிளிக் செய்தால் மதி, அதுவே போதும் என்றாள்.

மாமி பில்களின் மேலிருந்து மவுஸை எடுத்தாள்.

"எழுதப்படாது, படிக்கப்படாதுன்னுதானே? அமுக்கப்படாதுன்னு யாரும் சொல்லலையே."

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் பாவம் என் தலையில் விழுந்தது. ஷார்ஜாக்காரர் ஓர் இருமல் மருந்தின் பெயரைச் சொல்லி, காலாவதி நெருங்கிய சரக்கு எந்தெந்தக் கடைகளில் கிடக்கிறது என்று கேட்டார். மவுஸ் மேசை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் போயிற்று. மாமி ஒரு தட்டுக்குப் பதில் மூன்று தட்ட, திரையில் மூன்று ஜன்னல்கள் திறந்துகொண்டன. நான் வேண்டாத தெய்வமில்லை. ஆனால் கடைகளின் பெயர்கள் ஒன்றுவிடாமல் வந்தன. போனில் பார்க்க முடியுமா என்றார். ஆர்யா அனுப்பிய லிங்க்கைத் தொட்டார், அதிலும் வந்தது. இது அந்தப் பழைய மெஷின்தானா என்று அவர் வாய்விட்டுக் கேட்டபோது, மாமி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவளை அவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததே இல்லை.

அவரைக் காரில் ஏற்றிவிட்டு அண்ணாச்சி திரும்பி வந்தார்.

"மெஷினு கெடக்கட்டும்னுட்டாரு மாமி. ஆனா அந்தப் பச்சை இனிமே வேண்டாங்காரு."

எனக்கே கஷ்டமாக இருந்தது. மாமி வயரை உருவி, மவுஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் சுண்டல் வாங்கிக்கொள்ள அவள் வீட்டுக்குப் போனேன். மாமி கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து மவுஸைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். பூஜைக்கு வைத்தான பிறகு நடுவில் ஒன்றைச் சேர்க்கலாமோ என்று அவள் கணவர் ராமசுப்ரமணியன் கேட்டார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கீபோர்டைச் சற்று நகர்த்தி இடம் பண்ணி, பக்கத்தில் மவுஸை வைத்து, அதன் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே ஒரு சந்தனப் பொட்டு இட்டாள்.