வரைபடத்தின் ஏழு தலைமுறை

புருல்சாவுக்குக் குனியத் தெரியாது. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். மேலாளர் தன் தப்பை அவள் தலையில் கட்டப் பார்த்தபோது, அடையாள அட்டையை அவர் மேசையில் வீசிவிட்டு, சொந்த ஊரான நாரினுக்குத் திரும்பி வந்தாள். எங்கள் மேய்ச்சல் குழு அலுவலகத்தில் கணினி பார்க்கும் வேலை கிடைத்தது. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. வாய் மட்டும் நீண்டுகொண்டே போனது.

வந்ததும் முதல் வேலையாக, மேய்ச்சல் நில வரைபடங்களை எல்லாம் ஒரு நிரலின் காவலில் வைத்தாள். எந்தக் கோப்பில் யார் கைவைத்தாலும் அது நேரத்தோடு குறித்துக்கொள்ளும்; பழைய வடிவங்களையும் வரிசையாக வைத்திருக்கும்.

"எதுக்கும்மா இந்த வெட்டி வேலை?" என்றார் தலைவர் சபிர்குல்.

"நம்ம ஆளுங்க ரொம்ப நல்லவங்க தலைவரே, அதுக்குத்தான்."

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

மே மாதம், அவள் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், காரா-புலாக் வரைபடம் காணாமல் போனது. நாற்பது குடும்பத்து ஆடுகள் கோடையில் ஏறுகிற மேடு அது. அந்த இடத்தில் 'தனியார் பண்ணை, புதிய அளவீடு' என்று ஒரு கோப்பு இருந்தது. உரிமையாளர், தலைவரின் மைத்துனர். மேட்டில் வேலிக்கம்பமும் நட்டாகிவிட்டது. என் நூற்றிருபது ஆடுகளை எங்கே ஓட்டுவேன்?

பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது.

"காரா-புலாக்னு ஒரு வரைபடமே எங்ககிட்ட கெடையாது. இது புதுசா அளந்தது" என்றார் தலைவர்.

புருல்சா மடிக்கணினியோடு முன்னால் போனாள்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"என் வேலை கூப்பிட்டுச்சு." எங்கள் பக்கம் திரும்பினாள். "புதுசா ஒரு மாப்பிள்ளை வந்தா என்ன கேப்பீங்க?"

"ஏழு தலைமுறை அப்பன் பேரைச் சொல்லுன்னு கேப்போம்" என்றேன். பேரை மாற்றிக்கொண்டு வந்தவன் அங்கேதான் மாட்டுவான்.

"இதுக்கும் அதேதான் அண்ணே. இந்த நிரல் பேரை நம்பாது, உள்ள இருக்கறதைப் பாக்கும். ஒரு கோப்பு மறைஞ்சு இன்னொண்ணு முளைச்சா ரெண்டையும் வரிக்கு வரி ஒப்பிடும். நூறு வரியில தொண்ணூத்தேழு ஒத்துப்போகுது. இது புதுசு இல்ல, பேரு மாத்தின காரா-புலாக்."

பிறகு முன்னோர்களை வாசித்தாள். இதற்கு அப்பன், போன வருடம் பாலம் சேர்த்த வரைபடம். அதற்கு அப்பன், ஊற்றைத் திருத்தியது. கூடமே விரல்விட்டு எண்ணியது. ஏழிலும் காரா-புலாக், ஏழிலும் பொது நிலம்.

"பேரை மாத்தினது யாருடி?" என்று ஒருத்தி கத்தினாள்.

"தலைவரோட கடவுச்சொல். செவ்வாய்க்கிழமை, மூணு பத்து."

சபிர்குல் முகம் சிவந்தது. "உன் வேலை போச்சு! அந்தக் குறிப்பை இப்பவே அழி!"

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "நீங்களே அழிங்க. அழிச்சவர் யாருன்னு அதையும் எழுதிக்கும். நகல் ஆட்டுக்காரங்க ஃபோன்ல எல்லாம் இருக்கு. உங்க பேரு ஏற்கனவே ஒரு தடவை இருக்கு, ரெண்டாவது தடவையும் வரட்டும்."

அவர் கை நீளவில்லை. வேலிக்கம்பங்களை அன்று மாலையே நாங்கள் பிடுங்கிப்போட்டோம்.

மறுநாள் அவளுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. புருல்சா அதையும் அந்த நிரலின் காவலில் வைத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டாள்.