கதவைச் சாத்திக்கொண்டு படித்த வினைச்சொல்

ஸ்பெயின் நாட்டு ஸரகோஸாவில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தினமும் யாராவது என் ஸ்பானிஷைத் திருத்துகிறார்கள். பல் செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் திருத்துகிறார்கள், அதுதான் எரிச்சல். ‘விவிர்’ என்றால் வாழ்வது, குடியிருப்பது. ஒழுங்கான வினைச்சொல், முரண்டு பிடிக்காது என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். நான் என்றால் விவோ, நீ விவெஸ், அவர் விவே, நாங்கள் விவிமோஸ், நீங்கள் விவீஸ், அவர்கள் விவென். பகலில் மட்டும் வந்துபோகும் ஒரு தாத்தாவிடம், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்பதாய் நினைத்து “தோந்தே விவோ?” என்றேன். நான் எங்கே குடியிருக்கிறேன் என்று அர்த்தமாம். அவர் பதறிப்போய் மணியடித்து, இந்தப் பெண்ணுக்கு விலாசம் மறந்துவிட்டது, யாராவது கொண்டுபோய் விடுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டார்.

இந்த லட்சணத்தில் வாய்மொழித் தேர்வு வேறு. தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். தேதியோ தம்பியின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் விழுந்தது. நான் லீவில் சொந்த ஊரான மானாம்பதியில் இருந்தேன். லேப்டாப் வழியாகவே பேசலாம், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அறையில் தனியாக இருக்க வேண்டும், வேறு குரல் கேட்டால் தேர்வு ரத்து என்றார்கள். அவர்களுக்கு அது ஒரு நிபந்தனையே இல்லை. எங்கள் வீட்டில் பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவருக்கு ஒன்று காய்ச்சல், இல்லை கோபம். கல்யாண வீட்டில் கோபம் என்றால் கேட்கவே வேண்டாம், வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான்.

காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். பரீட்சை, அரை மணி நேரம் என்னைக் கூப்பிடாதீர்கள். அம்மா தலையாட்டினாள். நைனா தலையாட்டினார். நைனாவின் அக்காவான என் அத்தை மட்டும் அப்போது வீட்டில் இல்லை, புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க உத்திரமேரூர் போயிருந்தாள்.

திரையில் தேர்வு வாங்கிய அம்மணி நல்ல மாதிரி. எந்த ஊரில் இருக்கிறாய், யாரோடு குடியிருக்கிறாய் என்று நிதானமாகக் கேட்டார். “விவோ சோலா.” தனியாகத்தான் இருக்கிறேன் என்று நான் சொன்ன நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

“இன்னாடி, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு கீற? யாரு இன்னா சொன்னாங்க ஒன்ன?”

அத்தை திரும்பிவிட்டாள். பதில் சொன்னால் தேர்வு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால் தட்டல் பலமானது. “பரீட்ச எய்துதுக்கா அது” என்று அம்மா சொல்வது கேட்டது. “நீ பாத்தியா?” என்றாள் அத்தை. அதன் பிறகு அம்மாவும் சேர்ந்து தட்டினாள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் ஒரு முகம், அப்புறம் நான்கு முகம். அம்மணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவர்கள் யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு மன்னிப்புக் கேட்டுத் தேர்வை ரத்துசெய்தார்.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கதவைத் திறந்தால், எதிரே நைனா கடப்பாரையோடு நிற்கிறார்.

“புத்தி கீதா உங்களுக்கெல்லாம்? என் பொயப்பு போச்சு” என்று கத்தினேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தைதான் பதில் சொன்னாள்.

“இவ்ளோ தட்றோம், ஒரு கொரல் குடுக்கல நீ. போன வருசம் பின்தெரு பொண்ணும் இப்பிடித்தான் சாத்திக்கினா. பரீட்சைக்குப் படிக்குதுன்னு நாங்கதான் கம்முனு வுட்டுட்டோம்.”

நைனாவிடமிருந்து கடப்பாரையை வாங்கிச் சுவரோரம் வைத்தேன். அந்தப் பெண்ணின் சாவு எனக்குத் தெரியும், போனில் சொல்லியிருந்தார்கள். இந்தக் கதவோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதற்காக என் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கல்யாணம் முடியும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நல்லவேளை, திரும்பி வந்ததும் மறுவாய்ப்புக் கொடுத்தார்கள். ஸரகோஸா அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். ஒரு சத்தம் இல்லை. விவோ முதல் விவென் வரை வினைச்சொல்லின் ஆறு வாலும் சரியாக வந்தன, தேறிவிட்டேன். பக்கத்து அறையில் இருக்கும் மார்த்தா தங்கமான பெண். ஆனால் சாத்திய கதவைத் தட்டுவது இங்கே அநாகரிகம். நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதும், சூப் வேண்டுமா என்று சமையலறையிலிருந்து செல்போனில்தான் கேட்டாள்.

தேறிய செய்தியைச் சொல்ல அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். சந்தோஷப்பட்டாள். அப்புறம் போனைக் கண்ணருகே கொண்டுபோய், “பின்னாடி கதவு இன்னாத்துக்கு சாத்திக் கீது? தொற மொதல்ல” என்றாள். பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று எழுந்து போய் அகலமாகத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் முகம் தெளிந்தது. மாப்பிள்ளை பார்க்கும் பேச்சை எடுத்தாள்.

நடையில் மார்த்தா வந்தாள். நான் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சாத்த மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். “பெர்தோன்” என்று மன்னிப்பை முணுமுணுத்து, எனக்குத் தொந்தரவு இல்லாமல், கதவை மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.