நித்திரை என்று நான் சொன்ன தாய்

விளங்காத பாஷைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, எல்லாம் விளங்கின மாதிரிக் கதை சொன்ன அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? துறைமுகத்துப் பக்கம், ஓர்ஸ் ஹில்லில் எங்கள் முன்னறையில் டீவியும் டெக்கும் வைத்து வீடியோப் படம் காட்டிய காலத்தில் எனக்கு அதுதான் தொழில். சோறூட்ட ஒரு பொய், நித்திரையாக்க இன்னொரு பொய் என்று நாளைக் கடத்துகிற தாய்மாருக்கு என் பாடு சொல்லாமலே தெரியும்.

ஓதத் தெரிந்தவர்

குவைத்தில் இருந்து திரும்பிய கிண்ணியாக்காரர் ஒருவர் டெக்கை எங்களுக்கு விற்றபோது ஆறு கசற்றும் சேர்த்துத் தந்தார். ஆறிலும் ஒரே தொடர்கதை, ஜப்பான்காரர் கீறின கார்ட்டூன். நீல முடிப் பெடியன் ஒருவன் பறக்கிற படகில் ஏறி அரக்கரோடு சண்டை பிடிப்பான். பேச்சு முழுக்க அரபு. பின்னேரம் வந்த பிள்ளைகள், என்ன சொல்கிறான் என்று கேட்டு என் உயிரை எடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பாத்தும்மா ராத்தா குர்ஆன் ஓதுகிறவ, அவவுக்கு விளங்கும் என்று நம்பி முன்கதிரையில் இருத்தினேன். அவ அரை மணித்தியாலம் மரியாதையோடு பார்த்துவிட்டுச் சொன்னா: "எனக்கு ஓதத்தான் தெரியும் பிள்ளை, கதை விளங்காது. நீயே ஏதாவது சொல்லு."

இரண்டு கோடு

அன்றிலிருந்து மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முதல் கசற்றின் தொடக்கத்தில் பெடியனின் தாய் பாயில் கண் மூடிக் கிடப்பா. அவன் பக்கத்தில் இருந்து அழுதுவிட்டுப் படகில் ஏறுவான். கீறின முகத்தில் மூடின கண் என்றால் இரண்டு வளைந்த கோடுதானே. தாய் நித்திரை, அவன் வென்று வந்தால் எழும்புவா என்று சொல்லிவிட்டேன்.

பாத்தும்மா ராத்தாவின் தம்பி மகள் நசீமா, எட்டு வயது, அந்தக் கசற்றையே திரும்பத் திரும்பக் கேட்பாள். அவளுடைய உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ. நாலு மாதமாகக் கடிதம் இல்லை. ஆறாவது கசற்றும் முடிந்தது, கதை முடியவில்லை, தாயும் எழும்பவில்லை. மிச்சக் கசற் வரும், அதில் எழும்புவா என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "என்ட உம்மாவும் நித்திரை போல அக்கா, அதுதான் எழுதல்ல."

படகு தூக்காத நாயகன்

அந்தக் கார்ட்டூனையே உண்மையான ஆட்களை வைத்து ஜப்பான்காரர் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று என் கணவர் கொழும்பில் ஒரு கசற் வாங்கி வந்தார். யாரோ பாதியில் நிறுத்தின கசற். தொடக்கத்துக்குச் சுற்றாமல் அப்படியே போட்டதால் அன்றிரவு வந்த துறைமுகத்து வேலையாட்கள் பின்பாதியை மட்டும் பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். நீல முடி ஒட்டுமுடி, பறக்கிற படகுக்குக் கம்பி தெரிந்தது, நாயகனுக்கு நல்ல தொந்தி. மூட்டை தூக்குகிற ஒருவர் எழும்பும்போது சொன்னார்: "இவனைப் படகு தூக்காது தங்கச்சி, எங்கட கிரேன்தான் தூக்கோணும்."

முன்பாதி

அடுத்த நாள் காலமை, மூதூர் லாஞ்சுப் படகில் வேலை செய்கிற இஸ்மாயில் நானா, நசீமாவின் வாப்பா, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாசல் படலையடியில் நின்றார். குவைத்தில் இருந்து தந்தி வந்திருக்கிறது. அவளுடைய உம்மா காய்ச்சலில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்களாம். "வீட்டில சனம் கூடுது. இவளுக்குத் தெரியாது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நானே சொல்லுறன், அதுமட்டும் இங்க வெச்சிருங்க தங்கச்சி."

அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அந்தத் தொந்தி நாயகனைத்தான் போட்டேன், இந்த முறை தொடக்கத்துக்குச் சுற்றி. அதே வீடு, அதே பாய், அதே தாய். ஆனால் இது உண்மையான பொம்பிளை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒருவர் வந்து வெள்ளைத் துணியால் முகத்தை மூடினார். ஊதுபத்தி கொளுத்தினார்கள், வந்தவர்கள் குனிந்து கும்பிட்டார்கள். எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை, நானும் தேவைப்படவில்லை. படச் சத்தம் கேட்டு வந்து அறையில் கூடியிருந்த பிள்ளைகள் முழுப்பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இலங்கைத்துறைப் பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயர் எடுத்த நான் எழும்பிப் போய் டெக்கை நிறுத்தினேன்.

கீறின கோடு என் பொய்யைத் தாங்கினது, முகம் தாங்கவில்லை. ஆறு கசற் முழுக்கக் கதை அளந்தவளுக்கு இதுதான் கிடைத்த படிப்பு.

நசீமா அழவில்லை. எழும்பி வந்து என் சீலைத் தலைப்பைப் பிடித்தாள். "பழைய கசற்றப் போடுங்க அக்கா. அவன்ட உம்மா நித்திரை என்டு, முந்திச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."