கெட்டிமேளம் அடித்த பேஸ் கிட்டார்

நான் ராக் பாடுகிறவன். பேஸ் கிட்டாரும் வாசிப்பேன். எங்கள் பூதலூரில் இதைச் சொன்னால், "அது சரி, வேலை என்ன பாக்குறீங்க?" என்று கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் நண்பன் கல்யாணத்தில் பாட ஒப்புக்கொண்டேன். தாலி கட்டி முடிந்ததும் என் கச்சேரி. காலையில் ஸ்பீக்கரைச் சரிபார்க்க கிட்டாரை வாசித்து இரண்டு வரி பாடியதிலிருந்து தவில்காரர் என் விரல்களையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு பெண்ணின் மாமா காதில் ஏதோ சொன்னார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை மேடையேற விடாமல் தடுக்கச் சதி நடக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். ஒயரை அறுத்துவிடுவாரோ என்று, கழுத்தில் மாட்டிய கிட்டாரோடு மேடையோரத்திலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன்.

முகூர்த்த நேரம். "கெட்டிமேளம்!" என்று குரல் எழுந்ததும் முதல் அடியிலேயே தவிலின் தோல் கிழிந்தது. கெட்டிமேளம் இல்லாமல் தாலி ஏறினால் அபசகுனம் என்பார்கள். மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது.

தவில்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார். "தம்பி, அடிங்க!"

என்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்றே அப்போதும் நினைத்தேன்.

"அட, அடிங்கங்கறேன்!"

கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பந்தல் அதிர்ந்தது. நாகஸ்வரம் சேர்ந்துகொண்டது. தாலி ஏறியது.

சாப்பாட்டுப் பந்தியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மாமாகிட்ட என்னைப் பத்தி என்னங்க சொன்னீங்க?"

"தாளம் சுத்தமா இருக்கு, தைரியமா வாசிக்க விடுங்கன்னேன். பாட்டுதான் காது குடுத்துக் கேக்க முடியல."

இன்று ராக்கும் தவிலும் கலந்து நான் பாடும் மேடைகளில் அவர்தான் தவில். என்னை முதலில் நம்பிய மனிதரைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டிருக்கிறேன். நல்லவேளை, அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார்.