ஆறாவது பெயருக்குக் கீழே

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். என் ஞாபகத்தை நம்பி இதைச் சொல்லவில்லை. கைப்பேசியில் நான் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ஓரத்தில் அந்த நேரம் பதிந்திருக்கிறது. பக்கத்தில் பேட்டரி அறுபத்தொரு சதவீதம். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

அப்போது சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், பின் சீட்டில் நாலாவது ஆளாக, ஒரு தொடை வெளியே தொங்க உட்கார்ந்திருந்தேன். கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் நான். பி.காம். படித்தவன், பத்தொன்பது வருட சர்வீஸ். எங்கள் எச்.ஆர். அதிகாரி ஸ்டாஃப் குழுவில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். கீழே, "அவசரம். பொய்த் தகவல். எல்லோரும் ரிப்போர்ட் செய்து ஸ்கிரீன்ஷாட் போடவும்" என்று இருந்தது.

இது புதிதில்லை. மாதத்தில் இரண்டு மூன்று முறை வரும். ஓ.டி. பணம் வரவில்லை என்று எவனாவது எழுதியிருப்பான். பிரஸ் மிஷினில் விரல் போனவனின் கட்டுப் போட்ட கையைப் படம் எடுத்துப் போட்டிருப்பான். எங்கள் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தப் பகுதி எச்.ஆர்.களுக்கெல்லாம் தனியாக ஒரு குழு உண்டு. ஒரு கம்பெனிக்குத் தலைவலி என்றால் எல்லாக் கம்பெனி ஸ்டாஃபும் விரல் நீட்ட வேண்டும். லைனில் நிற்கிறவர்களிடம் கைப்பேசி இருக்காது, அதனால் வேலை எங்களுடையது. ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட வேண்டும். கீழிருந்து ஒரு பட்டியல் எழும்பி வந்து பாதித் திரையை மூடும். அதில் 'தவறான தகவல்' என்பதை அமுக்க வேண்டும். அமுக்கியதற்கு அத்தாட்சியாக ஸ்கிரீன்ஷாட். அது எதற்கு, எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை.

பெரும்பாலும் முதல் ஸ்கிரீன்ஷாட் என்னுடையதாகத்தான் இருக்கும். ஒரு மீட்டிங்கில் எச்.ஆர். என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "அண்ணனப் பாருங்க. இந்த வயசுல இன்னா ஸ்பீடு" என்று கைதட்ட வைத்தார். வேகத்தின் ரகசியம் எளிது. நான் எதையும் படிப்பதில்லை. படித்தால் மனசு கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும்.

அன்றும் படிக்கவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, வரிசை எண்கள். அவ்வளவுதான் கண்ணில் பட்டது. முடித்துவிட்டு 'டன் சார்' என்று போட்டேன்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர், "இன்னா சார், காலங்காத்தால எவனுக்கு ஆப்பு?" என்றார்.

"ஆபீஸ் வேலப்பா."

"ஒக்காந்த எடத்துல கட்ட வெரல ஆட்னா வேல முட்ஞ்சிது. குட்த்து வெச்ச ஆளு சார் நீ."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்களுக்கு ஒரே பெண். டிப்ளமோ முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டை தாண்டி ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பென்னலூரில் கம்பெனி பிடித்துக் கொடுத்த ஹாஸ்டலில் இருந்தாள். முதல் ஷிப்டுக்கு விடியும் முன்பே பஸ் வந்துவிடும். கேமரா உள்ள போனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஹாஸ்டல் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போவாள். அதனால் பகலில் அவளுடன் பேசமுடியாது என்பது எங்களுக்குப் பழகியிருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு மனைவி கூப்பிட்டாள்.

"இன்னாங்க, டிவில கம்பெனி பஸ்ஸு கவுந்துட்ச்சின்னு போட்றான். லேசான காயம்னு சொல்றான். நம்ம பாப்பா கம்பெனி பஸ்ஸுங்க."

மகளின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஹாஸ்டல் வார்டனுக்கு அடித்தேன். "என்கிட்ட எதுவும் கேக்காதீங்க சார். வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர். கம்பெனியே சொல்லும்" என்று வைத்துவிட்டார். அவளுடைய கம்பெனி எண்ணில் ஒரு பெண் குரல், லிஸ்ட் தயாராகிறது, காத்திருக்கவும் என்றது.

எச்.ஆர். அறைக்கு ஓடினேன். என் வயதில் பாதிதான் இருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்.

"டென்ஷனாகாதீங்கண்ணே. எல்லாம் மைனர் இஞ்சுரி. யாரோ ஒரு பொண்ணு, யார் யாருக்கு எங்க அடி, எந்த ஆஸ்பத்திரின்னு ஒரு லிஸ்ட் எழுதி ஒரு பேஜ்ல போட்டு பீதி கெளப்பிடுச்சி. ஹாஸ்டல் பொண்ணுங்கல்லாம் ரோட்ல ஒக்காந்துடுவாங்கன்னு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் பயம். அதத்தான் காலைல நாம ரிப்போர்ட் அடிச்சோம். நீங்கதானண்ணே ஃபர்ஸ்ட்டு."

அந்த லிங்கைத் திறந்தேன். வெள்ளைத் திரையில் ஒரு வரி. சட்டபூர்வமான கோரிக்கையின் காரணமாக இந்தப் பதிவு இந்தியாவில் கிடைக்காது.

பிறகுதான் ஸ்கிரீன்ஷாட் ஞாபகம் வந்தது. திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கினேன். ஒன்று முதல் ஆறு வரை பெயர்கள், ஊர், ஆஸ்பத்திரி. ஆறு பேரும் யார் வீட்டுப் பெண்களோ. ஏழாவது பெயரின் மேல் கொம்பு மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே நான் எழுப்பிய பட்டியல் மூடியிருந்தது. 'இதை ஏன் புகாரளிக்கிறீர்கள்?' என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

எச்.ஆர். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஆறுல நம்ம பொண்ணு இல்லல்ல? அப்ப ஒன்னும் இல்லண்ணே. போய் டீ குடிங்க."

குழுவில் மற்றவர்கள் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் அதே இடத்தில் மூடியிருந்தன.

ஒரு நண்பரின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஸ்ரீபெரும்புதூரில் முதல் ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் நின்றது. கம்பெனி லெட்டர் இருந்தால்தான் உள்ளே என்றார்கள். மகள் பெயரைச் சொல்லி, லிஸ்டில் ஆறு பெயர்தான் எனக்குத் தெரியும் என்றும் உளறிவிட்டேன்.

"லிஸ்ட்டா? எங்க பாத்த?" என்றார் ஒரு காவலர். "போன்ல வெச்சிக்கினு சுத்துறியா? யாருக்காவது அனுப்பினன்னு வெய்யி, நீயும் ஆஸ்பத்திரிலதான் படுப்ப." கூட நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே ஒரு நர்ஸ் மட்டும் இரக்கப்பட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று தலையாட்டினாள்.

இரண்டாவது ஆஸ்பத்திரியிலும் இல்லை. மூன்றாவதுக்குப் போகும்போது மனைவி மறுபடி கூப்பிட்டாள். லிங்க்கில் வந்த அந்த வரியைச் சொன்னேன். அவள் தம்பி குவைத்தில் டிரைவர். "இந்தியாவுலதான் தெரியாதுன்னு போட்டுக்குது இல்ல? அவனுக்கு அனுப்பிப் பாருங்களேன்" என்றாள். எட்டாவது வரை படித்தவள். எனக்கு அது தோன்றவில்லை.

சாலையோரம் நிறுத்தி அனுப்பினேன். நாலு நிமிடத்தில் மச்சான் கூப்பிட்டான்.

"நல்லா தெரியிது மாமா. முழு லிஸ்ட்டும் கீது." ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனான். "பதினொன்னாவது பேரு பாப்பாதான். வலது கையின்னு எழுதிக்கீது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒடனே கொண்டுபோகணும், வீட்டு ஆளுங்க யாராவது சீக்கிரம் வாங்கன்னு பேருக்குப் பக்கத்துலயே ரெண்டு கோடு போட்டுக்கீது மாமா." பிறகு கேட்டான். "இந்த லிங்க் உங்களுக்கு எப்டி கெட்ச்சிது?"

"ஆபீஸ்ல அனுப்புனாங்க" என்றேன்.

மச்சான் படித்துச் சொன்ன ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். காலையிலிருந்து இரண்டு முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். கவிழ்ந்த பஸ்ஸின் ஜன்னலுக்கடியில் மகளின் வலது கை சிக்கியிருந்தது. கட்டுப் போட்டு ஒரு திரைக்குப் பின்னால் படுக்கவைத்திருந்தார்கள். மருந்து மயக்கத்தில் இருந்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வேறு நிறத்தில் இருந்தன. "காலைலயே சென்னைக்கு ரெஃபர் பண்ணச் சொன்னேன்" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல். "கம்பெனி ஆளு, எங்க ஆம்புலன்ஸ் வரும், வெளிய அனுப்பாதீங்க, பிரஸ்காரங்க நிக்கிறாங்கன்னாரு. கையெழுத்துப் போட வீட்டு ஆளும் யாரும் வரல."

நான் கையெழுத்துப் போட்டபோது மணி ஒன்று இருபது.

சென்னையில் சர்ஜன் பொறுமையாகவே சொன்னார். "ரத்த ஓட்டம் நின்னு ரொம்ப நேரமாச்சு. ஒரு பத்து, பத்தரைக்குள்ள கொண்டாந்திருந்தீங்கன்னா முயற்சி பண்ணியிருக்கலாம்." ஏழு பன்னிரண்டுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியிருந்தால் ஒன்பதரைக்கு அங்கே இருந்திருப்போம். இந்தக் கணக்கை அன்றிலிருந்து நான் போடாத நாளில்லை. சாயந்திரம் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் எச்.ஆர். கூப்பிட்டார். "எத்தன நாள் வேணுமோ லீவு எடுத்துக்கோங்கண்ணே. எதையும் மட்டும் எழுதிப் போட்றாதீங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, எப்படிப் போகும்னு."

மூன்றாம் நாள் காலை, மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அதிர்ந்தது. அந்தத் தளத்திலிருந்து ஒரு தகவல். நீங்கள் புகாரளித்த பதிவைப் பரிசீலித்தோம். அது எங்கள் விதிகளை மீறவில்லை. எனவே நீக்கவில்லை. உங்கள் அக்கறைக்கு நன்றி.

நாலு முறை படித்தேன். முதல் முறையாக ஒன்றை முழுதாகப் படித்தேன். அப்படியென்றால் என் விரல் ஒன்றும் செய்யவில்லை. இந்தியாவில் மட்டும் அதை மறைத்தது, 'சட்டபூர்வமான கோரிக்கை' என்று போன அரசாங்கத்தின் கடிதம்தான். நான் அமுக்காவிட்டாலும் அது மறைந்திருக்கும். பெற்ற பெண் ஒரு கையோடு படுத்திருக்கும்போது, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதி எனக்குப் பகல் முழுவதும் இருந்தது. கேன்டீனில் இட்லி சாப்பிட்டேன்.

சாயந்திரம் பார்வையாளர் நேரம் முடியப்போகும்போது ஒரு பெண் வந்தாள். மகளோடு அறையில் தங்கியிருந்தவள், தென்காசிப் பக்கம். அன்று இரண்டாவது ஷிப்ட் என்பதால் அந்த பஸ்ஸில் அவள் இல்லை. செய்தி கேட்டதும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடிப்போய் நோட்டுத் தாளில் எழுதியவள் அவள்தான். மறுநாளே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, இனிமேல் எழுதமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டிருந்தார்கள். மகளின் கட்டுப் போட்ட கை முடிகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"ஒங்க நம்பரு எனக்குத் தெரியாதுப்பா. இவ போனு பூட்டிக் கெடந்துச்சு. நீங்க எப்படியும் பாத்துருவீகன்னுதான் அதுல எழுதிப் போட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"ஸ்டேசன்ல ஒரு கட்டு பேப்பர எடுத்து எம் முன்னால போட்டாவப்பா. எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டு. 'இத்தன பேரு பொய்யின்னு புகார் குடுத்துருக்காங்க, இதெல்லாம் சேத்து வச்சுத்தான் மேல எழுதி நிறுத்துனோம், எண்ணிப் பாரு'ன்னு அந்த சாரு சொன்னாரு. நானும் எண்ணுனேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, அத்தன பேருல ஒருத்தருக்குக்கூடவா பொம்பளப்புள்ள இல்ல?"